நூற்றிருபது பக்கத்துக்குள்

எழுத்தைப் பற்றி அபிப்பிராயம் இல்லாத ஆள் போடிநாயக்கனூரில் ஒருவர்கூடக் கிடையாது என்பது 1984-ஆம் வருஷம் புரட்டாசியில், ஒரே வாரத்தில் எனக்குத் தெரிந்துபோயிற்று. அதற்கு முன் பதினோரு வருஷமாக டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் நடத்துகிறேன். உன் மிஷினில் எழுத்து என்ன அளவு என்று ஒரு பயலும் வந்து கேட்டதில்லை. ஒரு திரைக்கதையை டைப் அடிக்க உட்கார்ந்தேன், அவ்வளவுதான். டீக்கடைக்காரரிலிருந்து ஏலக்காய் வியாபாரி வரை ஆளுக்கொரு யோசனையோடு மாடிப்படி ஏறி வந்துவிட்டார்கள்.

திரைக்கதை என்னுடையது. மூன்று நோட்டில் எழுதி, இரண்டு வருஷம் அலமாரியில் பூட்டி வைத்திருந்தேன். மலையில் படப்பிடிப்புக்கு இடம் பார்க்க மெட்ராஸிலிருந்து ஒரு சினிமாக் கம்பெனி வந்தது. அதில் உதவி டைரக்டராக இருந்த ராஜாராம் என்பவர் ஏதோ கடிதம் டைப் அடிக்க என்னிடம் வந்தார். பார்வைக்கு நல்ல மனிதராகத் தெரிந்ததால் துணிந்து நோட்டுகளை எடுத்துக் கொடுத்துவிட்டேன். மறுநாள் காலையிலேயே திரும்பி வந்தார்.

"நல்லாருக்குங்க. எங்க புரொட்யூசர் திருப்பதி சார்கிட்ட காட்டலாம். ஆனா கையால எழுதினதை அவர் தொடமாட்டார். டைப் அடிச்சு, வரிக்கு வரி இடம் விட்டு, நூத்தியிருபது பக்கத்துக்குள்ள குடுங்க. ஞாயித்துக்கிழமை கிளம்புறோம்" என்றார். அன்று செவ்வாய்க்கிழமை.

"அதென்ன நூத்தியிருபது?"

"ஒரு பக்கத்துக்கு ஒரு நிமிஷம். பாட்டுக்குத் தனியா அரைமணி. பக்கத்தை எண்ணிப் பாத்துட்டுத்தான் பிரிப்பார். ஒரு தாள் கூடுதலா இருந்தாலும் அப்படியே திருப்பிக் குடுத்துருவார்."

என்னிடம் தமிழ் மிஷின் இரண்டு இருந்தன. ஒன்று கோர்ட்டில் கழித்துப் போட்டதை வாங்கியது. அதில் எழுத்தெல்லாம் கல்யாண வீட்டில் பந்திக்கு உட்கார்ந்தவர்கள் மாதிரி சம்மணம் போட்டுத் தாராளமாக உட்காரும். இன்னொன்று புதிது. எழுத்து சின்னது, நெருக்கமானது. ஒரே காட்சியை இரண்டிலும் அடித்துப் பார்த்தேன். பெரிய எழுத்தில் ஐந்து பக்கம், சின்ன எழுத்தில் மூன்று. மூன்று நோட்டுக்கும் கணக்குப் போட்டால் பெரிய எழுத்தில் நூற்றுத் தொண்ணூறு, சின்னதில் நூற்றுப் பதினெட்டு.

"சின்ன எழுத்துலயே அடிக்கிறேன்" என்றேன்.

ராஜாராம் தயங்கினார். "எங்க ஆபீஸ்ல பெரிய எழுத்துதாங்க. ஒரு நிமிஷக் கணக்கே அந்த எழுத்துக்குத்தான். சின்னதுல அடிச்சா கணக்கு உதைக்கும்."

"சார் எண்ணுறது பக்கத்தையா, எழுத்தையா?"

"பக்கத்தைத்தான்."

"அப்ப பக்கம் சரியா இருக்கும்."

அவர் தலையைச் சொறிந்துகொண்டு போனார். அவரிடம் சொன்னது பாதிக் காரணம்தான். மீதிக் காரணம் என் தாய்மாமா ஜக்கையன்.

இன்ஸ்டிடியூட் இருந்த கட்டடம் மாமாவுடையது. கீழே அவருடைய ஏலக்காய் குடோன், மேலே நான். என்னை மதுரையில் விடுதியில் சேர்த்துப் படிக்க வைத்தது, மிஷின்கள் வாங்கித் தந்தது, கல்யாணம் வேண்டாம் என்று நான் சொன்னபோது சொந்தக்காரர்கள் வாயை அடைத்தது எல்லாம் மாமாதான். என் அப்பா இறந்ததும் என் அம்மா கருத்தம்மாவிடம் கையெழுத்து வாங்கி, மலையில் அப்பாவின் பங்காக இருந்த ஆறு ஏக்கர் ஏலத்தோட்டத்தைத் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டதும் அதே மாமாதான். அம்மா சாகும்வரை அவருடைய காய் உலர்த்தும் ஸ்டோரில் உட்கார்ந்து காய்க்குக் காம்பு கிள்ளினாள். ஒருநாளும் என்னிடம் இதைப் பற்றிப் பேசினதில்லை. அவள் போய் மூன்றாம் வருஷம் வேறு ஏதோ சோலிக்கு வில்லங்கம் போட்டுப் பார்த்தபோதுதான் எனக்கே தெரியும். மாமாவிடம் கேட்க வாய் வரவில்லை. அவர் வாங்கித் தந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு எப்படிக் கேட்பது? கேட்க முடியாததை எல்லாம் மூன்று நோட்டில் எழுதினேன். ஊரை மாற்றினேன். பெயரை மாற்றினேன், அண்ணன் மொக்கையன், தங்கை மாயக்காள் என்று. மற்றபடி நடையிலிருந்து மூக்குப்பொடி வரை அவர்தான்.

மாமாவுக்கு வயது ஐம்பத்தெட்டு. பேப்பரைக் கை நீட்டிய தூரத்தில் பிடித்துத் தலைப்பு மட்டும் படிப்பார். கண்ணாடி போடமாட்டார். ஏலத்துக்குக் கண்ணாடியோடு போனால் இவருக்குப் பார்வை மங்கிவிட்டது என்று கழிசல் காயைத் தலையில் கட்டிவிடுவார்களாம். ஆகவே சின்ன எழுத்தில் அடித்தால் கதை பத்திரம். மலையில் அவருடைய எஸ்டேட் பங்களாவில் தங்கியிருக்கும் புரொட்யூசர் படிப்பார். மாமா படிக்கமாட்டார். இதுதான் என் திட்டம். எனக்கு வேண்டியதெல்லாம் ஒரு மனிதர் அதை முழுசாகப் படிக்க வேண்டும், மாமாவுக்குத் தெரியக்கூடாது, அவ்வளவே.

புதன்கிழமை அடிக்க ஆரம்பித்தேன். பத்து மணிக்கு மாமா வந்துவிட்டார். விஷயம் எப்படித் தெரிந்தது என்று கேட்காதீர்கள், இந்த ஊரில் தும்மினால் பக்கத்து ஊர் சிலமலையில் கேட்கும். அடித்த தாளை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். விரலால் தடவினார். முகர்ந்து பார்க்காததுதான் பாக்கி.

"என்ன ஆத்தா இது? சல்லடைக்குக் கீழ விழுகுற பொடிசா இருக்கு."

"எழுத்து மாமா. ஏலக்கா இல்ல."

"எல்லாம் சரக்குதான். எட்டு மில்லி பருமன் காய்க்குத்தான் ஏலத்துல மொதக் கை தூக்குவான். பொடிசைக் கொண்டுபோய்க் கொட்டுனா எந்த யாவாரி குனிஞ்சு பாப்பான்? அந்தா பெரிய மிஷின் சும்மாதான கெடக்கு. அதுல அடி."

"பெருசுல அடிச்சா நூத்தித் தொண்ணூறு பக்கம் வரும்."

"வரட்டுமே. மூடை பெருசாத் தெரியும்."

எனக்குத் தலையை மேஜையில் முட்டிக்கொள்ளலாம்போல இருந்தது. அவர் விடவில்லை. "பச்சையில அடிக்க முடியாதா? பச்சையா இருந்தா மதிப்பே தனி" என்றார். நாடா கறுப்பிலும் சிவப்பிலும்தான் வரும் என்றேன். மெட்ராஸுக்கு எழுதிப்போட்டு விசாரிக்கவா என்றார். அவர் என் மேல் உண்மையான பிரியத்தோடுதான் இதையெல்லாம் சொல்கிறார் என்பது எரிச்சலை இரண்டு மடங்காக்கியது. நான் அடித்துக்கொண்டிருந்த பக்கத்தில் மொக்கையன் தங்கையின் தோட்டத்தை வேலியோரமாக நடந்து அளந்துகொண்டிருந்தான். மாமா அந்தத் தாளைத்தான் கையில் பிடித்துக்கொண்டு எழுத்து பொடிசு என்று வருத்தப்பட்டார்.

வியாழக்கிழமை டீக்கடை வேலுச்சாமி வந்து, பெயர்களை மட்டும் பெரிய மிஷினிலும் பேச்சைச் சின்ன மிஷினிலும் அடித்தால் மாமா சொல்லையும் என் சொல்லையும் கேட்டமாதிரி இருக்கும் என்றார். ஒரே தாளை ஒரு மிஷினிலிருந்து உருவி இன்னொன்றில் மாட்டி வரி பிடிப்பது என்ன பாடு என்று அவருக்கு விளக்கப்போய் அரைமணி நேரம் வீண். வெள்ளிக்கிழமை 'ம' விசை மக்கர் செய்தது. மாயக்காள் என்று இருநூறு தடவை அடிக்க வேண்டியவளுக்கு அந்த விசைதானா மக்கர் செய்ய வேண்டும்? ஒவ்வொரு தடவையும் விரலால் நெம்பிவிட்டு அடித்தேன். வெள்ளி சாயங்காலம் முடிந்தது. நூற்றுப் பதினெட்டு பக்கம். எண்ணினேன். மறுபடி எண்ணினேன். நூல் போட்டுக் கட்டி மேஜையில் வைத்துவிட்டுச் சனிக்கிழமை காலை ராஜாராமுக்காகக் காத்திருந்தேன். அவர் வரவே இல்லை. பதினொரு மணிக்கு வீட்டுக்குப் போய் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு வந்தேன்.

கட்டு மெலிந்திருந்தது.

நூல் அவிழ்ந்து கிடந்தது. புரட்டினேன். ஐம்பத்திரண்டிலிருந்து அறுபத்தொன்று வரை பத்துப் பக்கத்தைக் காணோம். தரையைக் கூட்டிப் பெருக்கிக்கொண்டிருந்த பேச்சியைக் கேட்டேன்.

"ஒங்க மாமாதான் வந்தாரு. நடுவுல கைய விட்டு ஒரு பிடி உருவுனாரு. மலைக்கு ஜீப்புல போறாராம். அந்தச் சினிமாக்காரருகிட்டக் காட்டுறேன்னாரு."

"மிச்சம்?"

"முழு மூடையவும் எவனாச்சும் தூக்கிட்டுப் போவானா, சாம்பிள் பிடிச்சா வெல தெரிஞ்சிரும்னாரு."

ஏலத்தில் அப்படித்தான் செய்வார்கள். மூட்டைக்குள் கை விட்டு நடுவிலிருந்து ஒரு பிடி அள்ளித் தட்டில் போட்டு வியாபாரிகள் முன்னால் நீட்டுவார்கள். மேலே இருப்பதை எடுத்தால் ஏமாற்று என்பார்கள். மாமா நேர்மையாக நடுவிலிருந்து எடுத்திருக்கிறார். எனக்கு வந்த கோபத்தில் கண் இருட்டியது. கோபத்தைவிடப் பயம் பெரிது. ஐம்பத்திரண்டாம் பக்கம் கையெழுத்து வாங்கும் காட்சி. அந்தக் காட்சிதான் என்றில்லை, அந்தக் கட்டுக்குள் எந்தப் பிடி அள்ளினாலும் மாமாதான் வருவார். வழியில் யாராவது வாசித்துக் காட்டிவிட்டால்?

மீதி நூற்றெட்டுப் பக்கத்தைப் பையில் திணித்துக்கொண்டு போடிமெட்டு பஸ்ஸில் ஏறினேன். அந்த பஸ்ஸைப் பற்றி ஒன்றும் சொல்லப்போவதில்லை. ஒவ்வொரு வளைவிலும் நின்று மூச்சு வாங்கியது, நானும்தான். மெட்டில் இறங்கி எஸ்டேட் பங்களாவுக்கு ஒரு மைல் கிட்டத்தட்ட ஓடினேன்.

முன்வராந்தாவில் புரொட்யூசர் திருப்பதி பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மாமா. புரொட்யூசர் கையில் என் பத்துப் பக்கம். மாமா அதை ஏலக்காய் சாம்பிள் போடும் கவரில் போட்டுக் கொடுத்திருக்கிறார். கவர்மேல் மாமாவின் கொட்டை எழுத்தில் 'லாட் நம்பர் 1, ஜக்கையன், போடி' என்று இருந்தது. எழுதியவள் பெயர் எங்கேயும் இல்லை.

"வாம்மா" என்றார் புரொட்யூசர். "இந்த எறும்பு ஊர்வலத்தை டைப் அடிச்சது நீதானா?"

"எழுதுனதும் அதுதாங்க" என்றார் மாமா பெருமையாக. "என் தங்கச்சி மக. நானும் ஒரு எழுத்து படிச்சதில்ல. ஆனா புத்திசாலி, நல்லாத்தான் எழுதியிருக்கும்."

புரொட்யூசர் தாளை முகத்துக்குக் கிட்டே கொண்டுபோனார், தள்ளிப் பிடித்தார். முந்தைய நாள் கேமராவுக்குக் கோணம் பார்க்கிறேன் என்று பள்ளத்தில் எட்டிப் பார்த்தபோது அவருடைய கண்ணாடி உள்ளே விழுந்துவிட்டதாம். வேறு கண்ணாடி வாங்கத்தான் ராஜாராம் மதுரைக்குப் போயிருக்கிறார். பாவி மனுஷன், என்னிடம் சொல்லிவிட்டாவது போயிருக்கலாம்.

"பெரிய எழுத்தா இருந்தா எப்படியாவது படிச்சிருப்பேன். இது ஆகாது. நீயே வாசி" என்று தாள்களை நீட்டினார்.

"மொதல்லேருந்து வாசிக்கட்டுங்களா? மிச்சமும் கொண்டாந்திருக்கேன்."

"வேண்டாம், வேண்டாம். இந்தப் பத்தை வாசி. பிடிச்சா மத்ததைப் பாப்போம்."

"அதான் சாம்பிள்" என்றார் மாமா, நான் சொன்னேன் பார்த்தாயா என்ற முகத்தோடு. சாய்ந்து உட்கார்ந்து கேட்கத் தயாரானார்.

கண்ணுக்குத் தப்பிக்கத்தான் யோசித்தேனே தவிர, காதைப் பற்றி ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். எழுந்து ஓடலாமா என்று பார்த்தேன். ஓடினால் இரண்டு வருஷமும் மூன்று நோட்டும் போச்சு. வாசிக்க ஆரம்பித்தேன். அண்ணன் என்ற இடத்தில் எல்லாம் பக்கத்துத் தோட்டக்காரன் என்று மாற்றி வாசித்தேன். நாலு வரி போனது. ஐந்தாவது வரியில் மாயக்காள், "வாண்ணே, காப்பி குடிக்கிறியா?" என்றாள். அந்த 'ண்ணே'யை விழுங்கமுடியாமல் இருமினேன்.

"பக்கத்துத் தோட்டக்காரனை அண்ணன்னு கூப்பிடுறாளா?" என்றார் புரொட்யூசர்.

"அவ அண்ணன்தாங்க" என்றேன். என் சாமர்த்தியம் எனக்கே வெறுத்துப்போயிற்று. போவது போகட்டும் என்று எழுதியிருந்ததை எழுதியிருந்தபடியே வாசித்தேன்.

ஏலக்காய் ஸ்டோர். மாயக்காள் காம்பு கிள்ளிக்கொண்டிருக்கிறாள். புருஷன் செத்துப் பதினைந்து நாள். மொக்கையன் முத்திரைத்தாளோடு வருகிறான். மூக்குப்பொடியைத் தட்டுகிறான். "என்னண்ணே எழுதியிருக்கு?" என்கிறாள். "குத்தகையைப் புதுப்பிக்கிற பேப்பர் ஆத்தா. எல்லாம் பொடி எழுத்து, ஒன் கண்ணுக்குத் தெரியாது. இங்கன ஒரு கையெழுத்துப் போடு" என்கிறான். அவள் கையைச் சேலையில் துடைத்துவிட்டு, அஞ்சாம் வகுப்புப் படித்தவளின் பெரிய பெரிய எழுத்தில் தன் பெயரை எழுதுகிறாள்.

பொடி எழுத்து என்ற இடத்தை வாசித்தபோது வரியைத் தவறவிட்டு மறுபடி பிடித்தேன். மொக்கையன் மாயக்காளிடம் செய்ததை நாலு நாளாக நான் மாமாவிடம் செய்திருக்கிறேன். அதை டைப் அடித்த எனக்கு அதுவரை உறைக்கவே இல்லை.

புரொட்யூசர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "ஒரு பக்கத்துக்கு ரெண்டு நிமிஷம் ஆகுதே. நூத்தியிருபதுக்குள்ள அடக்கத்தான் இந்தப் பொடி எழுத்தா?" என்று சிரித்தார். "ஆனா காட்சி நல்லாருக்கு. பாவம், படிக்கத் தெரிஞ்சும் ஏமாந்துட்டா. இல்லீங்களா ஜக்கையன்?"

மாமாவின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. வராந்தாத் தரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். கட்டடத்தைக் காலி செய்யச் சொல்வார். எல்லார் முன்னிலும் அறைவார். அதற்கெல்லாம் மனதைத் தயார்செய்து வைத்திருந்தேன்.

"அப்படி நடக்கல ஆத்தா" என்றார்.

நிமிர்ந்தேன்.

"எழுத்து அம்புட்டுப் பொடிசில்ல. நல்லாப் பெருசாத்தான் இருந்துச்சு. அவ வாங்கி, வெரல வச்சு, எழுத்துக்கூட்டி ரெண்டு பக்கத்தையும் படிச்சா. ஒரு நாழியாச்சு. நான் நின்னுக்கிட்டே இருந்தேன். படிச்சு முடிச்சுட்டு என் மூஞ்சியப் பாத்தா. ஒண்ணும் கேக்கல. கையெழுத்தப் போட்டுக் குடுத்துட்டுக் காம்பு கிள்ளப் போயிட்டா." எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டார். "கருத்தம்மா ஒண்ணும் ஏமாறல. ஊருக்கெல்லாம் அப்படிச் சொல்லிராத."

படி இறங்கி ஜீப்பைப் பார்த்துப் போனார்.

புரொட்யூசருக்கு விஷயம் புரிய ஒரு நிமிஷம் பிடித்தது. பிறகு மெதுவாக, "இதைத்தாம்மா எழுதணும்" என்றார். "பொடி எழுத்துன்னு வச்சா அவன் திருடன், அவ்வளவுதான். அவ படிச்சுட்டுப் போட்டாள்னு வச்சா அவனால தூங்கவே முடியாது. அதுக்கப்புறம் அந்த அண்ணன் என்ன செய்வான்?"

"தெரியாதுங்க."

"தெரிஞ்சதும் பெரிய எழுத்துல அடிச்சு மெட்ராஸுக்கு அனுப்பு. எத்தனை பக்கமா இருந்தாலும் படிக்கிறேன்."

இரண்டு வருஷமாக நான் கேட்க ஆசைப்பட்ட வார்த்தை இது. அந்த நேரத்தில் அது எனக்கு ஒரு பொருட்டாகவே படவில்லை. தாள்களைப் பையில் போட்டுக்கொண்டு ஜீப்புக்குப் போனேன். மாமா ஸ்டீரிங்கைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். என்னை விட்டுவிட்டுப் போக அவருக்கு மனசு வரவில்லை. அதற்கும் எனக்கு எரிச்சல்தான் வந்தது.

நாலைந்து வளைவு இறங்கினோம். அதற்குமேல் என்னால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"அவளுக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு ஒங்களுக்கும் தெரியும். அப்புறம் எப்படி மாமா அதை வாங்கி மடிச்சுப் பையில வச்சீங்க?"

"அவ கேக்கலையே ஆத்தா." கியரை மாற்றினார். "என்னண்ணே இதுன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா அங்கனயே கிழிச்சுப் போட்டிருப்பேன். பதினஞ்சு வருசம் என் கண்ணு முன்னாலயே காம்பு கிள்ளுனா. இன்னைக்குக் கேப்பா, நாளைக்குக் கேப்பான்னு இருந்தேன். கேக்காமலே போயிட்டா."

பதினைந்து வருஷம் கேட்காமல் இருந்தவள் மேலா, கேட்டால்தான் தருவேன் என்று இருந்தவர் மேலா, யார் மேல் கோபப்படுவது என்றே தெரியவில்லை. அம்மாவும் கேட்கவில்லை. நானும் கேட்காமல் மூன்று நோட்டில் எழுதி, கண்ணுக்குத் தெரியாத எழுத்தில் அடித்து, பையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். எங்கள் வீட்டுப் பெண்களுக்கு வாய் எதற்கு என்று நினைத்தபோது அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"இப்ப நான் கேக்குறேன் மாமா" என்றேன். "எங்கம்மாவோட ஆறு ஏக்கரைக் குடுங்க."

மாமா ஜீப்பை ஓரங்கட்டி நிறுத்தினார். என்ஜினை அணைத்தார். ஸ்டீரிங் மேல் நெற்றியை வைத்துக்கொண்டு, என் கண் முன்னால் முதல் தடவையாக அழுதார்.

"திங்கக்கெழம ரிஜிஸ்டர் ஆபீசுக்குப் போவோம்" என்றார். "பத்திரத்த நீயே அடி."